பிளிக்கர்ஸ் கார்டு: போன் இல்லாத பிள்ளையும் விளையாடலாம் – சுங்கை சிப்புட் டியூஷன் வகுப்புலேர்ந்து ஒரு ரிவியூ

முதல்லயே சொல்லிடறேன், தோட்டத்து பக்கம் டியூஷன் எடுக்கறவங்களும் தமிழ்ப்பள்ளி டீச்சருங்களும் பிள்ளைங்களை விளையாட வச்சே படிக்க வைக்கணும்னு நெனச்சீங்கன்னா, டேப்லட் வாங்கலாமா லேப்டாப் வாங்கலாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி பிளிக்கர்ஸ் கார்டை ஒரு தடவ பாருங்க, பிள்ளைங்க பதிலுக்கு தூக்கி காட்டுற தாள் கார்டு அது, டீச்சர் போன்ல உள்ள ஆப்பு அத படிச்சுக்கும். நான் பயன்படுத்துனதுலயே நம்ம ஊருக்கு இதவிட பொருத்தமான ஒண்ணு இல்ல.

நான் மலேசியாவுல பேராக் மாநிலத்துல உள்ள சுங்கை சிப்புட்ல சாயங்கால வகுப்பு எடுக்கறேன், நாலாம் ஆண்டுலேர்ந்து ஆறாம் ஆண்டு வரைக்கும், தமிழும் கணக்கும். இடம் கோயிலுக்கு பக்கத்துல உள்ள ஹால், ஒரு வெள்ளை போர்டு, யாரோ குடுத்த பழைய புரொஜெக்டர், வைஃபை கிடையாது, என் போன் ஹாட்ஸ்பாட்தான் எல்லாத்துக்கும். வர்ற பிள்ளைங்கள்ல பாதி பேர் தோட்டத்து லயத்துலேர்ந்து வர்றாங்க, மீதி தாமான்னு சொல்ற வீடமைப்பு பகுதியில குடியேறுன குடும்பம். அப்பா செம்பனை தோட்டத்துல இல்லாட்டி லோரியில, அம்மா காலையில பேக்டரி பஸ் ஏறி ஈப்போ பக்கம் போயிருவாங்க. வீட்டுல ஒரு போன், அது அப்பா கூட போயிரும். 2020 மார்ச்ல கொரோனாவால நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப ஒரு போனை வச்சுக்கிட்டு மூணு பிள்ளைங்க மாத்தி மாத்தி கூகள் மீட்ல உக்காந்த கதைய நம்ம பக்கத்துல யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைங்க போன் கொண்டு போகக்கூடாது. அப்படி இருக்கறப்ப ஆளுக்கு ஒரு போன் கையில இருந்தாதான் விளையாட முடியும்னா, அந்த விளையாட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் வகுப்புல பாதி பிள்ளைங்க வேடிக்கைதான் பாக்கணும்.

பிளிக்கர்ஸ் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். அவங்க வெப்சைட்லேர்ந்து கார்டை காசில்லாம டவுன்லோடு பண்ணிக்கலாம். சாதாரண செட்ல 40 கார்டு, ஒரு ஏ4 தாள்ல ரெண்டு கார்டு, ஆக 20 தாள், கறுப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்தா போதும். பெரிய வகுப்புன்னா 63 கார்டு உள்ள செட்டும் இருக்கு. ஒவ்வொரு கார்டுலயும் ஒரு நம்பர் (ஒரு பிள்ளைக்கு ஒரு நம்பர்), நடுவுல கறுப்பு கட்டமா ஒரு உருவம், நாலு பக்கத்துலயும் ஏ, பி, சி, டின்னு ரொம்ப சின்ன எழுத்துல போட்டிருக்கும். பதில் பி-ன்னா பி மேல வர்ற மாதிரி கார்டை திருப்பி தூக்கி புடிக்கணும், அவ்வளவுதான் பிள்ளையோட வேலை. நான் என் போன்ல பிளிக்கர்ஸ் ஆப்பை தொறந்து கேமராவ இந்த கோடியிலேர்ந்து அந்த கோடி வரைக்கும் மெதுவா ஓட்டுவேன், யார் என்ன பதில் தூக்கியிருக்காங்கன்னு பேரோட வந்துரும், சரியா சொன்னவங்க பச்சை, தப்பா சொன்னவங்க சிவப்பு. வகுப்பு முழுக்க ஒரே ஒரு போன், அதுவும் டீச்சரோடது.

இதுல ரொம்ப யோசிச்சு செஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு கார்டோட உருவமும் வேற வேற, அதனால பக்கத்துல உள்ளவன் கார்டை எப்படி புடிச்சிருக்கான்னு பாத்து அதே மாதிரி புடிச்சாலும் பதில் அதேவா வராது. எழுத்தும் சின்னது, தள்ளி உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாது. கைய தூக்க சொன்னா என்ன நடக்கும்னு பாடம் நடத்துற எல்லாருக்கும் தெரியும், முன் வரிசையில ரெண்டு கெட்டிக்கார பிள்ளைங்க தூக்கும், மத்ததெல்லாம் அதுங்க மூஞ்சிய பாத்துட்டு தூக்கும், கடைசி வரிசை குனிஞ்சுக்கும். இதுல எல்லாரும் தூக்கியாகணும், ஆனா யாரும் யாரையும் பாத்து தூக்க முடியாது, தப்பா தூக்குனது டீச்சர் போன்ல மட்டும்தான் தெரியும். வெக்கப்படுற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அதுங்க மூஞ்சிய பாத்தாதான் தெரியும்.

பின்னம் நடத்துனப்ப நடந்தத சொல்றேன், ஏன்னா இந்த கார்டோட அருமை எங்க இருக்குன்னு அதுலதான் தெரிஞ்சுது. கேள்வி இதுதான்: 1/4, 1/8, எது பெருசு? ஏ நாலுல ஒண்ணு, பி எட்டுல ஒண்ணு, சி ரெண்டும் சமம். கேமராவ ஓட்டிட்டு பாத்தா போன் முழுக்க ஒரே சிவப்பு, பெரும்பாலான பிள்ளைங்க எட்டுல ஒண்ணுதான் பெருசுன்னு தூக்கியிருக்காங்க, எட்டு நாலவிட பெரிய எண் இல்லையா அதான். நான் பதில் சொல்லல. "பக்கத்துல உள்ளவங்ககிட்ட ஏன் அந்த பதில்னு சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னேன். ஹால்ல ஒரே சத்தம். அப்ப ஒரு பொண்ணு நோட்டுலேர்ந்து ஒரு தாளை சர்ருன்னு கிழிச்சு ரெண்டா மடிச்சா, திரும்ப மடிச்சா, "இது நாலு"ன்னு சொல்லி இன்னொரு தடவ மடிச்சு, "இப்ப எட்டு, பாரு துண்டு சின்னதா போச்சு, நீ எத எடுத்துக்குவ?"ன்னு பக்கத்துல இருந்த பையன்கிட்ட கேட்டா. அவன் தாளை வாங்கி அவனே மடிச்சு பாத்தான், விரிச்சு பாத்தான், கார்டை எடுத்து திருப்பி வச்சுக்கிட்டான். அத பாத்து ரெண்டு மூணு பேர் தாள் கிழிச்சாங்க. திரும்ப கார்டை தூக்க சொன்னப்ப பெரும்பாலும் பச்சை. நான் வாய தொறக்கவே இல்ல.

இது நான் புதுசா கண்டுபுடிச்ச முறை இல்ல. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991லேர்ந்து செஞ்சுக்கிட்டு வர்றதுதான். மாணவருங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டு தனித்தனியா பதில் வாங்குறது, பிறகு பக்கத்துல உள்ளவங்களோட பேச விடறது, திரும்ப பதில் வாங்குறது. அங்க ஆரம்பத்துல எழுத்து போட்ட அட்டையதான் மாணவருங்க தூக்கி காட்டுனாங்க, எலெக்ட்ரானிக் கருவியெல்லாம் பிறகுதான் வந்துச்சு. அதாவது பெரிய பல்கலைக்கழகத்துலயே அட்டையில ஆரம்பிச்ச வேலை இது, நம்ம கோயில் ஹால்ல நடக்காதுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. விளையாட்டா பாடம் நடத்துறதுன்னா பாயிண்ட், பேட்ஜ், பேர் வரிசைன்னுதான் பலர் நெனைக்கிறாங்க. எனக்கு அந்த சிவப்பு பச்சைதான் முக்கியம், அத பாத்துதான் அடுத்து என்ன கேக்கணும், யார யார்கூட பேச விடணும்னு முடிவு பண்றேன். அந்த முடிவு இல்லேன்னா எந்த ஆப்பும் வெறும் சத்தம்தான்.

மத்த ஆப்புங்களையும் சொல்லணும், ஏன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது கஹூட்ங்கற வினாடி வினா ஆப்புதான். நார்வே நாட்டுல துரோண்ட்ஹைம் நகரத்துல உள்ள பல்கலைக்கழகத்துல நடந்த ஆராய்ச்சியிலேர்ந்து வளந்தது, 2013ல வெளிவந்துச்சு, உலகம் முழுக்க வகுப்புல ஓடுது. சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்ச வட்டம், பச்சை சதுரம், பாட்டு, கவுண்ட்டவுன்னு பிள்ளைங்களுக்கு உசுரு. அதுல சாதாரணமா ஒரு கேள்விக்கு 1000 பாயிண்ட் வரைக்கும் கெடைக்கும், சரியான பதிலா இருந்தாலும் நேரம் ஆக ஆக கொறையும், கடைசி நொடியில அமுக்குனா பாதிதான். அறிவியல் வாரத்துல ஹால் நெறைய பிள்ளைங்கள உக்கார வச்சு கலகலன்னு ஒரு போட்டி நடத்தணும்னா இத அடிச்சுக்க ஆள் இல்ல. ஆனா தமிழ் கேள்விய எழுத்து கூட்டி படிக்கிற பிள்ளைக்கு அந்த நொடி ஓடுறது பெரிய பாரம். கேள்வி நேரத்தை 240 நொடி வரைக்கும் கூட்டி வைக்கலாம், நடத்துறவங்க தயவுசெஞ்சு கூட்டி வைங்க.

குவிஸிஸ்னு இன்னொரு வினாடி வினா ஆப்பு, பெங்களூர்ல 2015ல தொடங்குனது, 2025ல பேரை வேகிரவுண்ட்னு மாத்திட்டாங்க, பழைய பேர்லயே தேடிட்டு காணோமேன்னு நெனைக்காதீங்க. அதுல பிள்ளைங்க அவங்கவங்க ஸ்கிரீன்ல அவங்கவங்க வேகத்துல போகலாம், நேரக் கணக்கை எடுத்துடலாம், வீட்டுப்பாடமாவும் குடுக்கலாம். வீட்டுல போனும் டேட்டாவும் உள்ள பிள்ளைங்களுக்கு இது ரொம்ப நல்லா இருக்கு, ஆறாம் ஆண்டு பிள்ளைங்க சிலருக்கு நான் லீவு நாள்ல இதுலதான் அனுப்புவேன். ஆனா மறுபடி அதேதான், ஆளுக்கு ஒரு ஸ்கிரீன் வேணும்.

வேகத்தை பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், இது எனக்கு மனசுல உள்ள விஷயம். என்கிட்ட ஒரு பையன் வர்றான், மனக்கணக்குல புலி, கடையில மீதி காசு அவன்தான் முதல்ல சொல்லுவான், ஆனா படிக்கிறது ரொம்ப மெதுவு, ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சு படிப்பான். அவனை வேகத்துக்கு பாயிண்ட் குடுக்குற எந்த விளையாட்டுல உக்கார வச்சாலும் கேள்விய பாதி படிக்கிறதுக்குள்ள மத்தவங்க அமுக்கிட்டாங்கன்னு ஸ்கிரீன்ல எண்ணிக்கை ஏறும், அத பாத்துட்டு இவனும் ஏதோ ஒரு கலர அமுக்கிருவான். கணக்கு தெரியும், ஆனா விளையாட்டு முடிஞ்சப்ப பேர் கடைசியில இருக்கும், "நான் முட்டாள் டீச்சர்"னு அவன் வாயாலயே சொல்லுவான். கார்டுல அவசரம் கிடையாது. கேள்விய நான் ரெண்டு தடவ சத்தமா படிப்பேன், அவன் கார்டை மூக்குக்கு கிட்ட கொண்டு வந்து அந்த சின்ன எழுத்தை சரி பாத்துட்டு, நெஞ்சுல அணைச்சு வச்சுக்கிட்டு, மெதுவாதான் தூக்குவான். அவன் தூக்குற வரைக்கும் நான் கேமராவ எடுக்க மாட்டேன். அவன் பேருக்கு நேரா வரிசையா பச்சை விழுறத பாத்துதான் இவனுக்கு கணக்குல பிரச்சனையே இல்ல, படிக்கிறதுலதான் உதவி வேணும்னு அவங்க அம்மாகிட்ட உறுதியா சொல்ல முடிஞ்சுது. "பையன் எதுக்கும் லாயக்கில்லன்னு நெனச்சேன் டீச்சர்"னாங்க அந்த அக்கா. அப்படி நெனைக்க வச்சது யாருன்னு எனக்கு இன்னும் கோவம் வருது.

பரிசு, ஸ்டிக்கர், ஸ்டார் எல்லாம் குடுக்கலாமான்னு சில டீச்சருங்க கேப்பாங்க. 1973ல அமெரிக்காவுல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு ஆராய்ச்சியாளருங்க சின்ன பிள்ளைங்கள வச்சு பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு. கலர் பேனாவுல படம் வரையறதுல தானாவே ஆசை உள்ள பிள்ளைங்கள எடுத்துக்கிட்டாங்க. ஒரு குழுகிட்ட படம் வரைஞ்சா தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டுன சான்றிதழ் கெடைக்கும்னு முன்கூட்டியே சொன்னாங்க, இன்னொரு குழுவுக்கு சொல்லாம கடைசியில குடுத்தாங்க, மூணாவது குழுவுக்கு ஒண்ணுமே இல்ல. பிறகு சும்மா விளையாடுற நேரத்துல பாத்தப்ப, பரிசு வரும்னு தெரிஞ்சு வரைஞ்ச பிள்ளைங்க மத்தவங்க வரைஞ்ச நேரத்துல ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. ஆசையா செஞ்சது கூலி வேலையா மாறிடுச்சு. அதனால நான் தனி ஆளுக்கு பரிசு குடுக்கறதில்ல, செவுத்துல பேர் போட்டு வரிசையும் ஒட்டுறதில்ல. மொத்த வகுப்புக்கும் ஒரு இலக்கு வைப்பேன், ரெண்டாவது தடவ தூக்குறப்ப பத்துல ஒன்பது பேர் பச்சைன்னா கடைசி பத்து நிமிஷம் வெளிய போய் விளையாடலாம். இதுல கெட்டிக்கார பிள்ளை பக்கத்துல உள்ளவனுக்கு சொல்லிக் குடுத்தாதான் எல்லாருக்கும் விளையாட்டு. அதுங்களே போய் உக்காந்து சொல்லிக் குடுக்குதுங்க, நான் சொல்றத விட நல்லா சொல்லுதுங்க.

இன்னொரு காரணமும் இருக்கு இத நான் விடாம செய்யறதுக்கு. நம்ம வீடுங்கள்ல படிக்கிறதுன்னா புத்தகத்தை திரும்ப திரும்ப வாசிக்கிறதுன்னுதான் நெனைக்கிறாங்க. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கி ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வுல ஒரு குழு ஒரு வாசிப்பு பகுதிய நாலு தடவ படிச்சுது, இன்னொரு குழு ஒரு தடவ படிச்சுட்டு மூணு தடவ புத்தகத்தை பாக்காம ஞாபகப்படுத்தி எழுதுச்சு. அஞ்சு நிமிஷத்துல கேட்டப்ப நாலு தடவ படிச்சவங்கதான் மேல, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப அவங்க ஞாபகம் 40 சதவீதம், ஞாபகப்படுத்தி பழகுனவங்களுக்கு 61 சதவீதம். அதனால போன வாரம் நடத்துனத இந்த வாரம் முதல் அஞ்சு நிமிஷத்துல கார்டு வச்சு கேட்டுருவேன், பழைய பாடம் ரெண்டு கேள்வி, போன மாசத்து பாடம் ஒண்ணு. ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் அரசாங்கத் தேர்வை ரத்து பண்ணதுக்கு பிறகு வகுப்பறை மதிப்பீடுதான் பெருசா பேசப்படுது, அதுக்கும் பிளிக்கர்ஸ் குடுக்குற ரிப்போர்ட் ரொம்ப உதவும், யார் எந்த கேள்வியில தடுமாறுனாங்கன்னு பேர் பேரா சேமிச்சு வச்சிருக்கும்.

சரி, கொறைங்களுக்கு வரேன். பெரிய கொறை, பதில் தேர்ந்தெடுக்குற கேள்வி மட்டும்தான் போட முடியும். கட்டுரை, வாக்கியம் அமைக்கிறது, உச்சரிப்பு, கணக்குல வழிமுறை எழுதுறது எதுவும் இதுல முடியாது. பல்லி, பள்ளி எதுன்னு கார்டுல கேக்கலாம், ஆனா ழகரத்தை வாய் தொறந்து சொல்ல வைக்கிறது நம்ம வேலைதான். முழு வகுப்பையும் இதுலயே ஓட்டுனா பிள்ளைங்க எழுதவே மறந்துருவாங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல வேணாம். இலவசக் கணக்குல ஒரு செட்டுக்குள்ள போடுற கேள்வி எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு இருக்கு, நிறைய வேணும்னா காசு கட்டணும், நான் செட்டை சின்ன சின்னதா பிரிச்சு வச்சுக்கறேன், எனக்கு போதும்.

கார்டு புடிக்கிறதுலயும் பழக்கம் வேணும். வெரல் அந்த கறுப்பு உருவத்தை மறைச்சா கேமரா படிக்காது, ஓரத்தை மட்டும் புடிக்க சொல்லணும், நாலாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு இத பல தடவ சொல்ல வேண்டியிருக்கும். சாயங்காலம் வெளிச்சம் கொறைஞ்சாலும் தடுமாறும், லைட்ட முன்னாடியே போட்டுருங்க. சின்ன பிள்ளைங்களுக்கு எந்த பக்கம் மேலன்னு குழப்பம் வரும், அதுக்கு முதல் வகுப்புல பாடமே இல்லாம "உனக்கு ரொட்டி சானாய் புடிக்குமா, தோசை புடிக்குமா"ன்னு கேட்டு பழக்குங்க, சிரிச்சுக்கிட்டே கத்துக்குவாங்க.

கேள்வி எழுதுறதுதான் உண்மையான வேலை, அத எந்த ஆப்பும் நமக்காக செய்யாது. தப்பான பதிலுங்கள சும்மா நிரப்பக்கூடாது, பிள்ளைங்க நோட்டுல என்ன தப்பு பண்ணியிருக்காங்களோ அதையே எடுத்து போடணும். 32லேர்ந்து 17 கழிக்க சொன்னா 25ன்னு எழுதுற பிள்ளை இருக்கும், ஏழுலேர்ந்து ரெண்ட கழிச்சிருக்கும், அந்த 25 ஒரு பதிலா கண்டிப்பா இருக்கணும். அத யார் தூக்குறாங்கன்னு பாத்தா யாருக்கு கடன் வாங்கி கழிக்கிறது புரியலன்னு ஒரே பார்வையில தெரிஞ்சுரும். எவனோ இன்டர்நெட்ல போட்ட ரெடிமேட் கேள்விய எடுத்து ஓட்டுனா இதெல்லாம் கெடைக்காது. நான் நோட்டு திருத்துறப்பவே பக்கத்துல ஒரு தாளை வச்சு நல்ல தப்புங்கள குறிச்சு வச்சுக்கறேன், வெள்ளிக்கெழம அதுதான் கேள்வி.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல உள்ளவங்களுக்கு ஒண்ணு. விருந்து நடத்தி, டிக்கெட் வித்து, டேப்லட் வாங்க காசு சேக்கறீங்க, மனசார நல்ல காரியம் லா அது, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அந்த டேப்லட்டு அலமாரியில பூட்டி கெடக்குறதும் ரெண்டு வருஷத்துல பேட்டரி போறதும் நடக்கற விஷயம்தானே. கார்டுக்கு சார்ஜ் வேணாம், காணாம போனா இன்னொரு தாள் பிரிண்ட் எடுத்துக்கலாம், ஒரு செட்டை எல்லா வகுப்பும் மாத்தி மாத்தி வச்சுக்கலாம். முதல்ல ஒரு டீச்சரை ஒரு பள்ளித் தவணை முழுக்க இத பண்ண சொல்லிட்டு, பிள்ளைங்க எங்க தடுமாறுறாங்கன்னு தெரிஞ்சதுக்கு பிறகு அதுக்கு என்ன கருவி வேணுமோ அத வாங்குங்க.

கார்டு பிரிண்ட் எடுக்கறவங்களுக்கு கடைசியா, தாள் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும், சாதா தாள் ஃபேன் காத்துல மடங்கிக்கும். லெமினேட் பண்றதா இருந்தா பளபளன்னு உள்ளது வேணவே வேணாம், லைட் பட்டு மின்னுனா கேமராவுக்கு உருவம் தெரியாது, மேட் லெமினேட் இருக்கான்னு கடையில கேளுங்க, இல்லேன்னா வெறும் கெட்டி அட்டையில பிரிண்ட் எடுத்து அப்படியே வச்சுக்குங்க. நம்பரை கார்டுக்கு பின்னாடியும் பெருசா மார்க்கர்ல எழுதிடுங்க, எடுத்து குடுக்கறப்பவும் திரும்ப அடுக்குறப்பவும் அது இல்லாட்டி பெரிய தொல்லை.